பௌர்ணமிக்கு ஆர்டர் எடுத்தவர்

கார் வச்சிருக்கிற கடைக்காரங்க கொஞ்சம் கை தூக்குங்க... ஆங், பரவாயில்ல. அந்தக் காருக்குப் போடுற பெட்ரோல் பூராவையும் கடைச் செலவுன்னு வரிக்கணக்குல காட்டுறவங்க தூக்குங்க... பாத்தீங்களா, ஒரு கையையும் காணோம். எல்லாரும் உத்தமருங்க. சரி, உங்களுக்கு வேண்டாம், உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு ஒரு குட்டிக் கதை சொல்றேன்.

கோதண்டபாணின்னு ஒருத்தர். திண்டிவனத்துல ரஸ்க் போட்டு விக்கிறவர். வாரம் தவறாம வெள்ளிக்கிழமை கார்ல வந்தவாசி போவார். அங்க பதினாலு டீக்கடை. டப்பாவை இறக்கிட்டு, அடுத்த ஆர்டரை வாங்கிட்டு வருவார். அது தொழில். அந்தப் பெட்ரோலைத் தாராளமா கழிச்சுக்கலாம். ஆடிட்டரும் சொன்னார்: "பாணி சார், கார்ல ஒரு நோட்டு போடுங்க. கடைக்காகப் போனா, போன அன்னிக்கே ஊரையும் கிலோமீட்டரையும் எழுதிடுங்க. வீட்டுக்காகப் போனதைச் சேக்காதீங்க."

எழுதினாரா? எங்க எழுதினார்... வருஷம் பூரா சும்மா இருந்துட்டு, வரி ஆபீஸ்ல கூப்பிட்டதும் ஒரே மூச்சுல உக்காந்து எழுதினார். கார் போன இடமெல்லாம் தொழில்தான். மாமியார் வீட்டுக்குப் போனது? பாக்கி வசூல். திருப்பதியில பேரனுக்கு மொட்டை போட்டது? மார்க்கெட் நிலவரம் பாக்க.

அதிகாரி ஒரு அம்மா. நோட்டைப் புரட்டினாங்க. மேஜை காலண்டரை எடுத்துப் பக்கத்துல வச்சாங்க...

"சார், மாசாமாசம் திருவண்ணாமலை போயிருக்கீங்களே?"

"ஆமா மேடம், ஆர்டர் எடுக்க."

"பன்னண்டு தடவையும் பௌர்ணமியா இருக்கே?"

நம்மாளு குடிக்கத் தண்ணி கேட்டார்.

"நானும் கிரிவலம் போறவதான் சார். அன்னிக்கு அங்க டீக்கடைக்காரர் தலை நிமிர நேரமில்லாம டீ ஆத்திட்டிருப்பார். உங்களுக்கு யாரு நின்னு ஆர்டர் குடுத்தது?"

இனி மறைக்க வழியில்ல. "மேடம்... திருவண்ணாமலையை அடிச்சிடுங்க. திருப்பதியையும் அடிச்சிடுங்க. வந்தவாசி மட்டும் நிஜம் மேடம். காய்ச்சலோட கூட போயிருக்கேன்."

அந்தம்மா நோட்டை மூடினாங்க. "இருக்கலாம் சார். ஆனா எல்லாம் ஒரே பேனாவுல, ஒரே நாள்ல எழுதினது. இதுல நிஜத்தை நான் எங்கன்னு தேடுறது? நீங்க இந்த நோட்டைக் கொண்டு வராம இருந்திருந்தா, பாதியாவது நம்பியிருப்பேன்."

பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ்... எதையும் கழிக்க முடியாதுன்னு மொத்தத்தையும் தள்ளிட்டாங்க.

சிரிக்கிறீங்க, சிரிங்க. ஆனா அவருக்கு என்ன போச்சு? திருப்பதி போனா போகட்டும், அது அவர் கேக்கக்கூடாதது. காய்ச்சலோட போய் டப்பா இறக்கினாரே, அந்த வந்தவாசி போச்சே... எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். பொய் மாட்டிக்கிட்டா தனியா மாட்டாதுங்க, நீங்க பாடுபட்ட நிஜத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் நீங்க சத்தியம் பண்ணாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதனால நாளைக்கே கார்ல ஒரு நோட்டைப் போடுங்க. கடைக்காகப் போனா எழுதுங்க. கோயிலுக்குப் போனா... சாமியைக் கும்பிட்டுட்டு பேசாம வீட்டுக்கு வாங்க.