கழலாத மூடி

அட உக்காருங்க பாக் தர்சோனோ, உங்க வீடு எங்க ஓடிடப்போவுது? செமாராங்லேர்ந்து நாலு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்திருக்கீங்க. பையை இப்படி ஓரமா வைங்க. லஸ்த்ரி! பக்கத்து வீட்டுப் பெரியவரு பாக் தர்சோனோ வந்துட்டாரு, காப்பி கொண்டா! அப்புறம், பேத்தி எப்படி இருக்கா? ஓ, பேரனா? சந்தோஷம், சந்தோஷம். யார் ஜாடை? உங்க மூக்கா? பாவம்... இல்ல இல்ல, நல்ல மூக்குதான்.

அதுவா? என் மோட்டார் சைக்கிள்தான். ஏன் இப்படிப் பிரிஞ்சு கெடக்குன்னு கேளுங்களேன். கேக்கலையா? பரவால்ல, நானே சொல்றேன்.

எழுபத்தாறாம் வருஷத்து வண்டி, எனக்கு ஒரு வயசு மூப்பு. முன் சக்கரத்தைத் தாங்குற ரெண்டு ஃபோர்க் குழாயிலயும் எண்ணெய் ஒழுகுது. பிரேக் புடிச்சா மூக்கால தரையை மோந்து பாக்குது. அடுத்த வாரம் மச்சினி, அதான் லஸ்த்ரி தங்கச்சிக்குக் கல்யாணம், இதுலதான் போகணும். ஃபோர்க் உச்சில இருக்கிற மூடியைக் கழட்டி எண்ணெய் மாத்தணும், அவ்வளவுதானே, அரை மணி வேலைன்னு லஸ்த்ரிகிட்ட சொல்லிட்டேன். அங்கதான் மாட்டுனேன்.

மூடி அசையல பாக். முதல் நாளு ஸ்பேனர் வழுக்கி முட்டி தோல் உரிஞ்சதுதான் மிச்சம். ராத்திரி பூரா எண்ணெய் ஊத்தி ஊற வச்சேன். மறுநாள் ஸ்பேனர் பிடியில இரும்புக் குழாயைச் சொருகி, என் எடை மொத்தத்தையும் போட்டு அமுக்குனேன். மூடி திரும்பல, வண்டி திரும்பிச்சு. ஹேண்டில் வந்து விலாவுல குத்துச்சு பாருங்க, இப்பவும் சிரிச்சா வலிக்குது. மூணாம் நாளு, சோத்துக்குன்னு லஸ்த்ரி கொதிக்க வச்ச தண்ணியைத் தூக்கிட்டு வந்து ஊத்துனேன். அன்னிக்கு சோறும் இல்ல, மூடியும் வரல.

அவ சோயா தெம்பே வறுத்துத் தட்டுல கொண்டுவந்தா. நின்னு பாத்தா. ஏங்க மாஸ், பக்கவாட்டுல ஒரு சின்ன போல்ட் இருக்கே, அது எதுக்குன்னு கேட்டா. உனக்கென்ன தெரியும், போய் அடுப்பைப் பாருன்னேன். போயிட்டா. போனதும் குனிஞ்சு பாத்தேன். ஃபோர்க் குழாயைச் சுத்தி ஒரு பட்டை இருக்குல்ல, அதை இறுக்குற போல்ட் அது. பட்டை குழாயை நெரிக்குது, குழாய் மூடியை நெரிக்குது. மூணு நாளா ஒருத்தன் கழுத்தைப் புடிச்சுக்கிட்டே வாயைத் தொறடா வாயைத் தொறடான்னு அடிச்சிருக்கேன்!

சத்தம் போடாம அந்த போல்ட்டைத் தளர்த்துனேன். மூடி வெண்ணெய் மாதிரி சுத்துது. அதோட விட்டிருக்கணும். எனக்குத் திமிரு. லஸ்த்ரி, இங்க வா, ஆம்பளை கைபலம்னா என்னன்னு வந்து பாருன்னு கூப்பிட்டேன்.

குழாய்க்குள்ள இம்மாம் நீளத்துக்கு ஸ்பிரிங் பாக். வண்டி எடை மொத்தமும் அதை அமுக்கிட்டு நிக்குது. கடைசி மரை கழலும்போது உள்ளங்கையால மூடியை அழுத்திப் புடிச்சுக்கணும். என் கை எங்க இருந்துச்சு? என் புஜத்தைத் தொட்டு அவளுக்குக் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

டமார்! மூடி என் காதோரமா பறந்து, சுவரைத் தாண்டிப் போயிடுச்சு. எந்தச் சுவரா? நமக்கு நடுவுல வேற எந்தச் சுவர் இருக்கு? பதறாதீங்க, ஓடு உடையல. ஜன்னல் கண்ணாடி உடையல. உங்க ஆர்க்கிட் பூ ஒண்ணுகூட உதிரல.

இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. பேசாம கேளுங்க... கேக்குதா? அந்த மாமரத்து உச்சில. ஆமா, பெர்குதுத் புறாதான். என்ன குரல்! அப்படியா? போட்டிக்குக் கொண்டு போனா முதல் பரிசா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு வாரமா விடிஞ்சதும் கூவுது. லஸ்த்ரி சுவர் மேல தினை வைக்கிறா, வந்து சாப்பிட்டுட்டு திரும்ப உச்சிக்குப் போயிடும். நான் ஏணி போட்டுப் பாத்துட்டேன், லுங்கியை வீசிப் பாத்துட்டேன், அது மாதிரியே கூவிக்கூடப் பாத்துட்டேன். லஸ்த்ரி சிரிச்சா, புறா மசியல.

யார் வீட்டுதுன்னா...

உங்க புறாக் கூண்டுக்கு ஒரு கீறல் இல்ல பாக். மூடி பட்டு தாழ்ப்பாள் மட்டும்தான் தெறிச்சுது. ரெண்டு வருஷமா முட்டையும் தேனும் கொடுத்தும் ஒரு தடவைகூடக் கூவலியேன்னு எவ்வளவு வருத்தப்பட்டீங்க! பாத்துக்கன்னு என்னை நம்பி விட்டுட்டுப் போனீங்க, நாங்களும் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டுதான் இருக்கோம். என்ன, கீழேர்ந்து பாக்குறோம்.