குளிர் அறையில் ஒரு கல்வியாண்டு

நெதர்லாந்தில் மதியத்துக்குச் சூடாக எதுவும் சாப்பிட மாட்டார்கள், மேடம். ரொட்டி, சீஸ், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அம்மா இரண்டு நாள் வருத்தப்பட்டாள். நான் இதை அங்கே போய்த் தெரிந்துகொள்ளவில்லை. பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாத் தோட்டத்தில், ஆட்களுக்குப் போடும் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டபடி போனில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் பிப்ரவரி நாலாம் தேதியிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். அங்கிருந்து சொன்னால் நான் கெட்டவனாகத் தெரிவேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று தெரிந்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நான் மோகன்குமார். அப்பா மாடசாமிக்குக் கோவில்பட்டிப் பக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஓசூருக்கு வந்தவர்கள். அப்பா கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் பஸ் ஓட்டினார். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போச்சம்பள்ளிக்குப் போய்த் திரும்புவார். அம்மா பவளம், சிப்காட்டில் ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். நான் பல்கலைக்கழகத்தில் வணிகப் பொருளாதாரம் எடுத்தேன். நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் மூன்றாம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டில். எங்கள் வகுப்பில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கிருஷ்ணகிரிப் பெண் சத்யப்ரியா ஒருத்தி, நான் ஒருவன்.

அப்பாவுடைய சக டிரைவர்கள் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். என் முகத்துக்குப் பின்னால் ஒரு காற்றாலை, ஒரு விமானம். அப்பா அதற்கு ஆறு மாதம் முன்புதான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வந்திருந்தார். பஸ் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். இறங்கும்போது மறுபடியும் சொன்னார்.

கிளம்ப ஒன்பது நாள் இருந்தபோது புள்ளியியல் தாளின் முடிவு வந்தது. தேறவில்லை. அரியர் இருப்பவர்களை அந்த நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளாது. வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்று நாலு வரி மின்னஞ்சல். இங்கேயே மூன்றாம் ஆண்டைத் தொடரலாம் என்று எங்கள் துறைத்தலைவர் தோளைத் தட்டினார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தெருவில் பிளெக்ஸ் இல்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் காலை அப்பாவும் அம்மாவும் ஏர்போர்ட்டுக்கு வந்தார்கள். அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பத்தரை மணி விமானம் போவதைப் பார்த்தேன். பிறகு ஒரு காவலரிடம் பயணம் வேண்டாம் என்றேன். ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியே விட்டார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பேரிகை வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. எங்களுக்கு அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ரோஜாத் தோட்டத்தில் குளிர் அறைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கோவிந்தப்பனிடம் பெயர் குமார், ஊர் நாமக்கல் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தங்குவதற்கு அறையும் கொடுத்தார்.

வெட்டிய பூவை இரண்டு டிகிரியில் வைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் வாளி வாளியாக வரும். அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், பெட்டியில் கட்டியதை லாரிக்குத் தள்ள வேண்டும். தோட்டத்தில் கொடுத்த குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால், வாயிலிருந்து புகை வரும். வீடியோவில் பார்த்தால் ஐரோப்பாதான். தினமும் மதியம் இரண்டரை மணிக்கு அம்மாவின் கேன்டீன் வேலை முடியும். அங்கே அப்போது காலை பத்து மணி. வகுப்புக்குப் போகும் வழியில் பேசுவதாகச் சொல்வேன்.

"ஏய்யா, மூக்கு செவந்து கெடக்கு. காதுல துணியக் கட்டு," என்பாள்.

மற்றதெல்லாம் சத்யப்ரியா தெரியாமலே செய்து கொடுத்தாள். உடம்பு சரியில்லை, அடுத்த ஆண்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஊரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றால் படம் அனுப்புவாள். கால்வாய், சைக்கிள், முதல் பனி. பாடக் குறிப்புகளையும் கேட்டு வாங்கினேன். அதில் பொய் இல்லை. நான் உண்மையிலேயே படித்தேன். தேர்வு எழுதியிருந்தால் தேறியிருப்பேன்.

ஆனால் களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு. மூட்டை தூக்குகிற களைப்பு தூங்கினால் போய்விடும். இது அப்படிப் போகவில்லை. நேற்று சொன்ன மழை இன்றைக்கும் பெய்ய வேண்டும். போன வாரம் ஊருக்குப் போன அறைத்தோழன் இந்த வாரம் திரும்பி வர வேண்டும். எங்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் உண்டு. மூழ்கிப்போன முதலீட்டைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, இனிமேல் என்ன என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

பிப்ரவரி முதல் வாரம் தோட்டத்தில் எல்லாருக்கும் பேய் பிடித்த மாதிரி இருக்கும். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற பூ. பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களைக் கூட்டிவர ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். நாலாம் தேதி வழக்கமான டிரைவர் வரவில்லை. பஸ் முதலாளி அன்றைக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பினார்.

இரண்டரை மணிக்கு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு முழுக்கப் பனி, சைக்கிளே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது லாரி நிற்கும் பக்கத்துக் கதவு திறந்தது. டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்க யாரையோ தேடிக்கொண்டு அப்பா வந்தார். நான் பனியைப் பற்றிய வாக்கியத்தை முடித்தேன். வகுப்பு தொடங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்பா முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், மேடம். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏலே, எப்ப வந்த?" என்றார். "சொல்லவே இல்ல."

அவர் என் ஜாக்கெட்டைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில் உட்கார்ந்தார்.

"போகவே இல்லியாடா?"

"இல்லப்பா."

"ஏன்?"

"ஒரு பேப்பர் போயிடுச்சு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். "ஒரு பேப்பருக்கா இவ்வளவு? சட்டையக் களத்திப் போடு. சாயங்காலம் பொம்பளைகள எறக்கி விட்டுட்டு நேரா வீட்டுக்குப் போவோம். உங்கம்மா ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் கோழி அடிப்பா. அவகிட்ட நான் சொல்லுதேன். நீ வாயத் தொறக்க வேண்டாம்."

"தெருவுல என்னப்பா சொல்றது?"

"தெருவுக்கு என்னலே? தெருவா ஒனக்குச் சோறு போடுது?"

ஆறு மாதம். நூற்றுக்கணக்கான படங்கள், ஒரு நாள்கூட மறக்காமல் பேசிய பேச்சு. அதையெல்லாம் அவர் இரண்டு நிமிடத்தில் கழற்றிப் போடச் சொன்னார். அவர் எனக்கு நல்லதுதான் சொன்னார் என்று இப்போது நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் அவருக்குப் புரியவில்லை. அம்மாவின் சந்தோஷத்தை இத்தனை நாள் நான் ஒருவன் தாங்கிப் பிடித்திருந்தேன். அவர் அதைக் கோழிக் குழம்போடு முடித்துவிடப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு வலி வந்தது. நான் எதுவும் செய்யவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கை தானாக இடது தோளுக்குப் போனது. நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை.

"பஸ்ஸுல, சீட்டுக்குப் பக்கத்துல மஞ்சப் பை. அதுல நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர இருக்கு. எடுத்துட்டு வா," என்றார்.

நான் போனேன். வெளியே வரும்போது கதவைச் சாத்தினேன். அது அங்கே விதி. திறந்து போட்டால் பூ கெட்டுவிடும். உள்ளிருந்து திறக்க ஒரு தள்ளுக் கம்பி இருக்கிறது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இரண்டு கையாலும் தள்ள வேண்டும்.

மாத்திரை உடனே கிடைத்தது. பையில் வேறு ஒரு சட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், சாப்பிட்டுக் கழுவிய டிபன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் அதில் உட்கார ஆசைப்பட்டிருக்கிறேன். வேப்ப நிழல், நல்ல காற்று. அறைக்கு அந்தப் பக்கம் பூ தரம் பிரிக்கும் பெண்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அடுத்த வாளிகள் நாலு மணிக்கு மேல்தான் வரும். பல மாதங்களுக்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாத ஒரு நேரம். போன் மூன்று முறை அடித்தது. அப்பாதான். உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி அம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். உயிர் போகிற நேரத்தில் அந்த மனுசனுக்குப் பிள்ளை நினைப்புத்தான், வெளிநாட்டுக்கு மூன்று தடவை போன் போட்டிருக்கிறார் என்று. நான் வகுப்பில் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன்.

மூன்றரை மணிக்குப் பூ ஏற்றும் தள்ளுவண்டியில் அவரை வைத்துப் பஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். டிரைவர் சீட் உயரம், ஏற்ற முடியவில்லை. முன்வாசலை ஒட்டிய முதல் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தேன். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன். ஐந்து மணிக்குப் பெண்கள் கிளம்ப வந்தபோது கோவிந்தப்பன்தான் போய் எழுப்பினார். "அய்யோ, மனுசன் எப்பவோ போயிட்டாரேப்பா. ஒடம்பு ஐஸா கெடக்கு," என்றார். பஸ்ஸுக்குள் நுழைந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் மற்றவர்களோடு தள்ளி நின்றேன். இதய நோயாளி, ஸ்டென்ட் வைத்தவர். யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். பனியால் விமானம் எல்லாம் ரத்து என்று சொல்லியிருந்தேன். நான் அழுதது நடிப்பில்லை. அம்மா போனில் என் முகத்தைப் பார்த்து, "நீ அழாதய்யா, அங்க தனியாக் கெடக்க," என்றாள். அதன் பிறகு இரண்டு லாரி ஏற்றினேன். வாரக் கடைசிக்குள் நாற்பது லாரி.

இன்சூரன்ஸுக்காகப் பஸ் முதலாளி தோட்டத்தின் கேமரா பதிவைக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதவுக்கு மேலே கேமரா இருப்பது தெரியும். தினமும் அதன் கீழேதான் போய் வருகிறேன். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. சொன்னேனே, களைப்பு.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பதிவில் இருக்கும் இரண்டே ஐம்பத்தைந்தைப் பற்றி. மூன்றரைக்கு முன்னால் ஒரு தடவை நான் வந்து கதவைத் திறந்திருக்கிறேன். கையில் மாத்திரை இருப்பதும் தெரிகிறது. அப்போது அவர் எப்படி இருந்தார் என்று கேட்கிறீர்கள்.

உயிரோடு இருந்தார். கிரேட்டிலிருந்து இறங்கிக் கதவு வரைக்கும் வந்திருந்தார். தரையில் உட்கார்ந்து, தள்ளுக் கம்பியைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "வந்துட்டியால," என்று கையை நீட்டினார். நான் அவர் கையைப் பார்த்தேன். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினேன், அவர் கால் மாட்டிக்கொள்ளாதபடி. இந்த முறை வெளியே தாழ்ப்பாளையும் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அதைச் செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அம்மாவிடம் இப்போது வேண்டாம். ஜூன் கடைசியில்தான் கல்வியாண்டு முடிகிறது, அதுவரை நான் அங்கே படித்துக்கொண்டிருப்பதாகவே இருக்கட்டும். மதியம் இரண்டரைக்குப் பத்து நிமிடம் போனைக் கொடுத்தால் போதும், பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் இதைத் தாங்க மாட்டாள். அப்பா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.