பாலத்தின் மேல் மாமியார்

— அதுக்குன்னு எங்க அம்மாவையா கொண்டுபோய்ப் பாலத்து மேல நிறுத்துவ?

— கத்தாதீங்க. எதிரிங்க முறை நடக்குது.

— வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, கையில கம்பு. தலைக்கு மேல ‘மாமியார்’னு பேர் வேற!

— படைக்கு ஆள் சேர்க்கறப்ப கேம்ல பேர் வைக்கச் சொல்லிச்சு. ராணி நான். வில்லு என் தங்கச்சி. கோடாலி உங்க அண்ணன்.

— நான்?

— நீங்க கழுதை வண்டி.

— என்னது?

— மருந்து, அம்பு எல்லாம் அதுலதாங்க வருது. நீங்க இல்லாட்டி படையே நகராது.

— ரொம்பப் பூசி மெழுகாத. அம்மாவுக்கு என்ன வேலை?

— வைத்தியம். காயம்பட்டவங்களை எழுப்பி விடுவாங்க.

— வைத்தியம் பாக்கறவங்க பின்னாலதானே நிக்கணும்? எதிர்ல பாரு, எலும்புக்கூடா வருது!

— ராணியோட சித்தப்பா செத்த சிப்பாய்ங்களையெல்லாம் எழுப்பி விட்டுட்டான். நாட்டைப் புடுங்கப் பாக்கறான். ஊர் சனம் கோட்டைக்குள்ள போய்ச் சேர்ற வரைக்கும் யாராவது பாலத்தை மறிச்சு நிக்கணும்.

— அந்த யாராவது உன் தங்கச்சியா இருக்கக் கூடாதா?

— அவளுக்குத் தூரத்துல இருந்துதான் அடிக்க வரும். கிட்ட வந்தா முழிப்பா.

— எங்க அம்மாவுக்குக் கிட்ட வந்தா அடிக்க வருமா?

— இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணுமா?

— சரி, செத்துட்டா? மறுபடி எழுந்துப்பாங்கல்ல?

— இதுல செத்தா செத்ததுதான். கதை முடியற வரைக்கும் வரமாட்டாங்க.

— அதானே பார்த்தேன்! மனசுல இருக்கறது கையில வருது. ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி எத்தனை நாளாச்சு? அவங்க சமையல்கட்டுக்குள்ள வந்தா நீ வெளிய போற. அந்தக் கடுப்பை இங்க தீர்த்துக்கற.

— உங்களுக்கு அப்படியா தோணுது?

— வேற எப்படித் தோணும்? ஒருநாள் லீவு போட்டு வீட்டுல இருந்தா இதையெல்லாம் பாக்க வேண்டியிருக்கு. அவங்க தூங்கி எழுந்து வந்து பார்த்தா என் கதி என்ன? பேரையாவது மாத்து.

— நடுவுல மாத்த முடியாதுங்க. இருங்க, நம்ம முறை வந்துடுச்சு.

— குடு அதை இப்படி.

— ஐயோ, பட்டனை அமுக்காதீங்க!

— இழுத்துட்டேன். கோட்டைக்குள்ள கொண்டுவந்துட்டேன். அம்மா தப்பிச்சாங்க.

— போச்சு! பாலம் காலி. அத்தனை எலும்புக்கூடும் ஊருக்குள்ள நுழையுது!

— நுழையட்டும். நாடு போனா போகட்டும், எனக்கு எங்க அம்மாதான் முக்கியம்.

— அதைக் கொஞ்சம் திரும்பிக் கதவுகிட்டப் பார்த்துச் சொல்லுங்க.

— அம்மா! நீ தூங்கலையா? இது வந்து... சும்மா ஒரு விளையாட்டும்மா, அவ தெரியாம...

— அறிவிருக்காடா உனக்கு? நீ வீட்டுல இருந்தா நடுவுல பூந்து பஞ்சாயத்து பண்ணுவேன்னுதான், நீ வேலைக்குப் போற நேரமாப் பார்த்து நானும் என் மருமகளும் உசிரைக் கொடுத்துப் பிடிச்ச பாலம்டா அது!