இசபெலுக்கு ஒரு அறை

— இல்லையெண்டா இல்லைதான் றஜனி. அறைத் திறப்பைத் திருப்பித் தா.

— போன கிழமை நீங்கள்தானே அண்ணை ஓமெண்டு எடுத்துத் தந்தனீங்கள்? இசபெல் இடுப்பெலும்பு முறிஞ்ச மனுசி. அசன்சர் இல்லாத கட்டிடத்திலை அஞ்சாம் மாடிக்கு எப்பிடி ஏறுறது? நாளையிண்டைக்கு ஆசுப்பத்திரியிலையிருந்து விடுகினம்.

— போன கிழமை எனக்குத் தெரியாது.

— என்ன தெரியாது?

— அவ ஆரெண்டு. போர்த்துக்கல்காரி, முந்திக் கட்டிடம் கூட்டினவ, நீ வேலைக்குப் போய்ப் பாக்கிற கிழவி. அவ்வளவுதான் தெரியும். நேற்று அவவின்ரை மகள் ஜிஸ்லேன் வந்து, கடைக்குப் பின்னாலை இந்த அறையைப் பாத்திட்டுப் போகேக்கை சொல்லுறாள், "அம்மா அங்கோலாவிலை பிறந்தவ, அங்கை எங்கடை ஆக்களுக்குப் பெரிய தோட்டம் இருந்தது" எண்டு. வெள்ளைக்காரருக்கு அங்கோலாவிலை எப்பிடித் தோட்டம் வந்தது? குடியேற்றம். விளங்குதோ?

— விளங்குது. எனக்கு இது நாலு வரியமாத் தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ அவவைக் குளிக்க வாத்து, சோறு தீத்திறாய்? முல்லைத்தீவிலை எங்கடை வயலை இப்ப ஆர் விதைக்கிறாங்கள் எண்டு மறந்துபோச்சோ?

— மறக்கேல்லை. ஐயா ட்ராக்டர் பெட்டியிலை இருந்து திரும்பித் திரும்பி வயலைப் பாத்துக்கொண்டு வந்ததும் மறக்கேல்லை. இந்த அறை இல்லையெண்டா மனுசியைக் கொண்டுபோய் எங்கையோ தூரத்து முதியோர் இல்லத்திலை விடப்போகினம். மகள் இருக்கிறது லியோனிலை. அவவின்ரை கதையை ஒருக்காக் கேளுங்கோவன். கேட்டிட்டுத் திறப்பை வாங்குங்கோ.

— சரி, சொல்லு. அந்தப் பெட்டியை இஞ்சாலை தள்ளு, முருங்கைக்காய் நசியப்போகுது.

— அவையின்ரை பூர்வீகம் மதெய்ரா. கடலுக்கை நிக்கிற ஒரு மலைத்தீவு, போர்த்துக்கல் ஆண்டது. காணியெல்லாம் பெரிய ஆக்களுக்கு. சனம் மலையைக் கொத்தி, விளைஞ்சதிலை பாதியை அவைக்குக் குடுத்துப்போட்டு அரைவயித்தோடை கிடந்ததாம். நூற்றுநாப்பது வரியத்துக்கு முன்னம் அரசாங்கம் கப்பலை விட்டு, அங்கோலாவுக்குப் போனா காணி தாறம், விதை தாறம், மாடு தாறம் எண்டு கூப்பிட்டது. இசபெலின்ரை பூட்டன் பெண்சாதியோடையும் மூண்டு பிள்ளையளோடையும் ஏறினவர்.

— எங்கடை பக்கத்திலையும் சிங்களச் சனத்தை உதைத்தானே சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவங்கள். காணி தாறம், விதை தாறம்.

— ஓம். கேளுங்கோவன். கப்பல் இறக்கின இடம் வெறும் மணல்காடு. அதிலையிருந்து மாட்டுவண்டிலோடை நாள்கணக்கா நடந்து மலை ஏறவேணும். கடைக்குட்டிப் பெட்டை வழியிலை காய்ச்சல் வந்து செத்துப்போச்சு. தாய் அதை அந்த மணலுக்கை புதைக்கமாட்டன், பச்சை கண்ட இடத்திலைதான் புதைப்பன் எண்டு ஒரு பகல் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தவவாம்.

— பாவம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. மலையிலை முதலே ஆக்கள் இருந்தவையோ? அதைச் சொல்லு நீ.

— இருந்தவை. மாடு வளக்கிற சனம். தண்ணி ஓடுற பக்கத்தை அளந்து இவையளுக்குக் குடுத்திட்டு, அந்தச் சனத்தைக் கல்லுப்பக்கம் கலைச்சவை. பிறகு அந்தச் சனமே இவையின்ரை தோட்டத்திலை கூலிக்கு வந்து நிண்டது. இசபெல் ஒண்டும் ஒளிக்கேல்லை அண்ணை. "நாங்கள் பசியிலை வந்தனாங்கள், அதாலை களவெண்டு யோசிக்கேல்லை" எண்டு தன்ரை வாயாலை சொன்னவ.

— இப்ப சொல்லுவா. அங்கை இருக்கேக்கை சொன்னவவோ?

— நானும் உதைத்தான் கேட்டனான். "இல்லை, அப்ப எனக்கு அது பிறந்த ஊர், அவ்வளவுதான்" எண்டா.

— உண்மையைச் சொல்லுறா. பிறகென்னெண்டு இஞ்சை வந்தவ?

— எழுபத்தைஞ்சிலை போர்த்துக்கல் விட்டிட்டுப் போக, அங்கை சண்டை துவங்கிட்டுது. அவவுக்கு அப்ப இருபத்தெட்டு வயது. புருசனோடை லிஸ்பனிலை போய் இறங்கினா, அங்கத்தைச் சனம் இவைக்கு "திரும்பி வந்தவை" எண்டு பேர் வைச்சதாம். ஒருநாளும் காணாத ஊருக்கு எப்பிடித் திரும்பி வாறது எண்டு இப்பவும் கேக்கிறா. மதெய்ராவிலை போனா அங்கையும் ஒருத்தருக்கும் இவையைத் தெரியாது. கடைசியிலை பாரிசுக்கு வந்து, உந்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலை முப்பது வரியம் படி கூட்டினவ.

— உயிரோடை வந்தினம்தானே. எத்தினை பேருக்கு அதுவும் கிடைக்கேல்லை.

— சும்மா வரேல்லை அண்ணை. அவையிட்டை மாடு பாத்த ஒரு வயசாளி. இவையளுக்கு அளந்து குடுத்தது அந்தாளின்ரை பாட்டனாரின்ரை மேய்ச்சல் நிலம். ஒருநாள் மத்தியானம் குசினி வாசலிலை வந்து நிண்டு, "நாளைக்கு இஞ்சை அடிக்க வருவினம். நீங்கள் இண்டைக்கே போங்கோ" எண்டு சொன்னவராம். இசபெலுக்கு நம்பேலாமல் போச்சு. எங்களுக்கு ஏன் வந்து சொல்லுறாய் எண்டு கேட்டிருக்கிறா.

— அதுக்கு அந்தாள்?

— "காணி என்ரை. நீங்கள் போகத்தான் வேணும். ஆனா உயிரோடை போங்கோ." அவ்வளவுதான். சொல்லிப்போட்டு மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போயிட்டாராம். அடுத்த தோட்டத்துக்கு ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லை. அங்கை ஒருத்தரும் மிஞ்சேல்லை.

— திறப்பு உன்னட்டையே இருக்கட்டும்.

— அப்ப விடுறியளோ?

— விடுறன். அந்தக் குளியலறையிலை பிடிச்சு எழும்ப ஒண்டுமில்லை. நாளைக்கு ஒரு கம்பி பூட்டுவிக்கிறன். கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போடு, வெளிச்சம் வரும்.

— மெர்சி அண்ணை. நாளையிண்டைக்கு அவ வரேக்கை நீங்களும் நில்லுங்கோ. நீங்கள் இப்ப இல்லையெண்டு நிக்கிறது அவவுக்குத் தெரியும். "மெஸ்ஸியே அன்ரனோடை நானே கதைக்கவேணும்" எண்டவ.

— நான் ஓல்னேயிலை வீட்டை நிப்பன். நீயே பாத்துச் செய்.

— இன்னும் கோவமோ?

— கோவமில்லை. முகத்தைப் பாத்துக் கதைக்கேலாது.

— அவவின்ரை முகத்திலை என்ன இருக்கு?

— எங்கடை வயலுக்கு மேற்காலை, குடியேற்றத் திட்டத்திலை வந்து இருந்தினமே சோமாவதியாக்கள். உனக்கு ஞாபகமோ?

— ஞாபகமில்லாமலோ? எனக்குப் பூப்போட்ட சட்டை தைச்சுத் தந்த அக்கா. எங்கடை இயக்கப் பெடியள் குடியேற்றத்துக்கு அடிச்ச அண்டு அந்த வீட்டிலையும் ஒருத்தரும் தப்பேல்லை எண்டு அம்மா ஒளிச்சு ஒளிச்சு அழுதவ. அதுக்குப் பிறகுதானே ஆமி வந்து எங்களையும் கலைச்சது. ஏன் இப்ப அவையைக் கேக்கிறியள்?

— அடி விழப்போகுதெண்டு எனக்கு முதல்நாளே தெரியும், றஜனி. வரம்பாலை நடந்து போனா அஞ்சு நிமிசம். நான் போகேல்லை.