தரையில் கிடந்தால் துள்ளுவாள்

"இவ புள்ள வளக்கல. பரீட்சை எழுதிகினு கீறா."

என் நாத்தனார் மல்லிகா அக்கா சொன்னது. தெருவே சிரித்தது.

ஓடுகிறேன். இடுப்பில் தர்ஷினி. புதன்கிழமை. பகல் பன்னிரண்டு இருபத்தெட்டு. ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டுத் திரும்புகிறோம். பஸ் தாமதம். குவாரியில் சங்கு மூன்று முறை ஊதியாகிவிட்டது. சிவப்புக் கொடி ஏறிவிட்டது. நான் இன்னும் ரோட்டில்.

"வெடி! வெடி! யம்மா, ஓரமா வா! குந்து!"

கொடிக்காரர் கத்துகிறார். தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் குந்துகிறேன். குழந்தையை மார்போடு அணைக்கிறேன்.

நான்கு வெடி. அடுத்தடுத்து. தகரக் கூரைகளில் பொடிக்கற்கள் விழுந்தன. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. நாய்கள் குரைத்தன.

குனிந்து பார்த்தேன். தர்ஷினி என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். இமை அசையவில்லை. என் உடம்பு குலுங்கியதால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

அவளுக்கு அன்று ஒன்பது மாதம் பதினோரு நாள்.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கல்குவாரி. தினமும் பன்னிரண்டரைக்கு வெடி. அப்பாவும் அம்மாவும் அங்கே கல் சுமந்து என்னை பி.காம். படிக்கவைத்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் படிவத்தை நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கணவர் சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவருடைய லைசென்ஸ் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.

தடுப்பூசி அட்டையில் ஒரு பக்கம் உண்டு. எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று. மூன்றாம் மாதம் தலை நின்றது. டிக். நான்காம் மாதம் குப்புற விழுந்தாள். டிக். ஆறில் உட்கார்ந்தாள். எட்டு முடிவதற்குள் கட்டில் காலைப் பிடித்து எழுந்தாள். பச்சை மை வாங்கி வைத்திருந்தேன். ஒரு கட்டம்கூட காலி இல்லை.

'சத்தம் வரும் பக்கம் திரும்பும்.' அதற்கும் டிக்.

நர்ஸம்மா கேட்டார். வெடிக்கே துள்ளுகிறாள் மேடம் என்றேன். அது பொய் இல்லை. பன்னிரண்டரைக்கு அவள் பாயில் கிடப்பாள். வெடி வெடிக்கும். கை கால் விரித்துத் துள்ளுவாள். எங்கள் ஊரில் எல்லோரும் குழந்தையின் காதை அப்படித்தான் பார்ப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாயா என்றும் நர்ஸம்மா கேட்டார். பார்த்தேன் என்றேன். அது பொய்.

ஆறாம் மாதத்தில் அவளிடம் நான்கு ஒலிகள் இருந்தன. ஆ. ஊ. ங்கா. க்கீ. ஏழாம் மாதம் ங்கா நின்றது. பிறகு க்கீ. பிறகு ஊ. சாதுவான குழந்தை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மல்லிகா அக்கா மூன்று பெற்றவர். எட்டாம் மாதம் வந்து பார்த்தார். குழந்தைக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "கூப்ட்டா பாக்க மாட்டேங்கிறாடி. இட்டுனு போய் காமி."

பொறாமை என்று நினைத்தேன். அவர் போனதும் உப்பும் மிளகாயும் எடுத்துக் குழந்தைக்குச் சுற்றிப் போட்டேன். படித்த நான். பன்னிரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தப் புதன்கிழமை. மணி இரண்டு. வீட்டுக் கதவைச் சாத்துகிறேன். அவளைக் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்காரவைக்கிறேன். பின்னால் நின்று தட்டில் கரண்டியால் அடிக்கிறேன். ஒரு முறை. ஐந்து முறை. காதருகில். திரும்பவில்லை. தரையில் இறக்கினேன். குழவிக்கல்லைத் தூக்கிப் போட்டேன். தரை அதிர்ந்தது. உடனே திரும்பினாள்.

ஒன்பது மாதமாகத் தரைதான் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். திரையில் கோடுகள். பரிசோதித்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு காதும் கேக்கலம்மா. பொறந்ததுலேர்ந்தே."

இரண்டு மாதம் காது மிஷின் போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை.

இழந்ததை எழுதி வைக்கிறேன். யாரும் சாகவில்லை. ஒன்பது மாதம் பதினோரு நாள் போனது. நான் பாடிய எந்தத் தாலாட்டும் அவளிடம் போய்ச் சேரவில்லை. ஏழாம் மாதம் மாமல்லபுரத்தில் கடல் காட்டினோம். அலை அவளுக்குச் சத்தமில்லாமல் வந்து போனது. அவள் அப்பாவின் வேன் தெருமுனையில் அடிக்கும் ஹாரன். நான்கு ஒலிகளில் மூன்று. அக்காவோடு பேசாத பன்னிரண்டு நாள். பிறகு அவள் பெயர். ஒரு நாளைக்கு நூறு முறை கூப்பிட்டிருப்பேன். தனக்கு ஒரு பெயர் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பேச்சைத் தள்ளும் என்றார் டாக்டர். தை வரைக்கும் பொறுக்கலாமே என்றார் என் கணவர். குலதெய்வத்துக்கு இன்னும் மொட்டை போடவில்லை. முதல் முடி சாமிக்கு. அதற்கு முன் தலையில் கத்தி படக்கூடாது. எங்கள் இரண்டு வீட்டிலும் அதுதான் வழக்கம். தைக்கு இன்னும் ஐந்து மாதம்.

முதல் பிறந்தநாள் போய் ஒன்பது நாள். நேற்று காலை ஏழு பத்து. ஆபரேஷனுக்கு முன் வார்டில் நர்ஸ் முடி எடுக்கும் மிஷினோடு வந்தார். மடியில் தர்ஷினி. வலது காதுக்கு மேலே மடக்கிவிட்ட முடி, சுருள் சுருளாக. சாமிக்குக் கொடுத்தாகிவிட்டதா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன். அவர் கை நின்றது.

"எடுங்க சிஸ்டர்" என்றேன்.

தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். முடி விழுந்தது.