‘அவசரம்’ என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்ற மங்கலம் அம்மையாருக்கு

வலியசாலை வளர்த்தெடுத்த வண்டமிழ்ச் செல்வியே! வந்தவர் மொழியை வாங்கி, இருந்தவர் மொழியில் இதமாய் இறக்கிவைத்த இன்சொல் அரசியே! இரு நாடுகள் எதிரெதிரே அமரும் மேசையில் இடையே அமர்ந்து, எவர் முகமும் கோணாமல் எல்லார் சொல்லையும் கொண்டுசேர்த்த ஏற்றமிகு தலைவியே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் மங்கலம் அம்மையார் அவர்களே! வணக்கம்.

அடைமொழிகள் அதிகம் என்று இந்நேரம் முகம் சுளித்திருப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். இது கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிற மடல். உங்கள் சிவப்புப் பேனா இதில் நுழையாது.

இத்தனை ஆண்டுப் பணிக்கும் உங்கள் பதிவேட்டில் ஏறியிருப்பது ஒரே ஒரு பிழை. அது நீங்கள் செய்ததன்று. அந்தக் களங்கத்தோடு உங்களை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே நடந்ததை அவையறியச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு நம் திருவனந்தபுரத்தில் இந்தியாவும் இலங்கையும் கடல்சார் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசின. புயலிலோ பழுதிலோ திசைமாறும் படகுகள் எந்த நாட்டுத் துறைமுகத்திலும் அச்சமின்றி ஒதுங்க ஒரு விதி வேண்டும் என்பதே பேச்சு. அப்படி எந்திரம் பழுதாகி அக்கரையில் ஒதுங்கிய பொழியூர் மீனவர் ஐவர், அந்த விதி இல்லாததால் ஊர் திரும்ப முடியாமல் இருந்தனர். அவர்களில் ஒருவரின் மனைவி சரசம்மா மூன்று நாளாகக் கூட்ட அறையின் வாசலிலேயே காத்துக் கிடந்தார்.

மூன்றாம் நாள் நண்பகலில், மலையாள அதிகாரிகளான நம் தரப்பினர் பொறுமையிழந்து, இன்றே முடிவு சொல்ல இயலுமா என்று கேட்டனர். யாழ்ப்பாணத்துக்காரரான இலங்கைக் குழுவின் துணைத்தலைவர் சிரித்தபடி சொன்னார்: “எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆறுதலாக் கதைப்பம்.” எவ்வளவு நேரமானாலும் நிதானமாக இருந்து பேசுவோம் என்பது அவர் கருத்து. அதை மலையாளத்தில் சொல்ல வேண்டியவர் கிரீஷ். கழக்கூட்டத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் கைப்பேசித் திரைகளுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் நம் பிரிவில் ஒப்பந்தப் பணிக்கு வந்து இரண்டே வாரமானவர். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். ‘அவசரம்’ என்ற சொல்லை அப்படியே தூக்கி வைத்தார். தமிழில் அது விரைவு, மலையாளத்திலோ வாய்ப்பு! ‘ஆறுதல்’ என்பதும் அவர் வாயில் துக்க வீட்டு ஆறுதலாகிவிட்டது. எங்களுக்கு ஒரு வாய்ப்பும் இல்லை, ஆறுதல் பேசிக்கொள்வோம் என்றே நம் தரப்பின் காதில் விழுந்தது.

கோப்புகள் மூடப்பட்டன, கார்களை வரச்சொன்னார்கள். திறந்த கதவின் வழியே சரசம்மாவின் குரல் கேட்டது: “எல்லாம் கழிஞ்சாச்சா? இனி அவிய வரமாட்டாவளா?”

மொழிபெயர்ப்பவர் தம் சொந்த வாக்கியம் ஒன்றைக்கூட மேசையில் வைக்கக் கூடாது என்பது நம் தொழிலின் கட்டளை. நாம் ‘நான்’ என்றால் அது பேசுகிறவரையே குறிக்கும். அந்தக் கட்டளையை வாழ்நாளில் முதன்முறையாக மீறி நீங்கள் எழுந்தீர்கள். “க்ஷமிக்கணும். நான் குறிச்சுக் கொடுத்த சொல் தப்பு. கிரீஷ் அதைத்தான் சொன்னார்,” என்றீர்கள். உண்மையில் நீங்கள் எதையும் குறித்துக் கொடுக்கவில்லை. பிறகு விருந்தினரிடம் திரும்பி, “நிதானமாப் பேசலாம்னுதானே சொன்னேள்?” என்று கேட்டீர்கள்.

அவர் திகைத்துப்போய், “ஓம், வேற என்ன? முடிக்காமல் நான் எழும்ப மாட்டன்,” என்றார். அதை நீங்களே மலையாளத்தில் சொன்னதும் மூடிய கோப்புகள் மீண்டும் திறந்தன.

மாலை நாலரைக்கெல்லாம் விதி எழுதி முடிந்தது. பன்னிரண்டாம் நாள் ஐவரும் பொழியூர் வந்து சேர்ந்தனர். சரசம்மா ஒரு கூடை சாளை மீனோடு உங்கள் வலியசாலை அக்ரகாரத்துக்கே வந்து நிற்க, நீங்கள் பதறிப்போய் அவரையும் கூடையையும் ஆட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். அந்த மீனுக்கு நாங்கள் இன்றுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறோம்.

ஆனால் கூட்டக் குறிப்பில் பிழை உங்கள் பெயரில் ஏறிவிட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கையெழுத்திடும் விழாவுக்காகக் கொழும்பு சென்ற குழுவில் உங்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. உண்மையைச் சொல்லக் கிளம்பிய கிரீஷை வராந்தாவில் மறித்து, “ரெண்டு குழந்தை இருக்கோல்லியோ? போய் வேலையைப் பாருங்கோ,” என்று திருப்பிவிட்டீர்கள். பணி நிரந்தரமான பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை.

இன்று காலை எங்கள் அனைவரின் கையொப்பத்தோடு உண்மையை எழுதித் தலைமை அதிகாரியிடம் கொடுத்தோம். பகல் உணவுக்கு முன்பே உங்கள் பதிவேட்டுக் குறிப்பை நீக்கி ஆணை வந்துவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு தீவு நாடும் அந்த விதியில் இணைவதற்கான பேச்சு இதே நகரில் தொடங்குகிறது. இந்தக் கடலில் இனி ஒதுங்க இடமின்றி எவரும் தவிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

முழங்கால் வலி விலகி, மூச்சும் பேச்சும் முத்தாய் விளங்க, வலியசாலைக் கோயிலை நாளும் வலம்வந்து நெடுநாள் நீங்கள் நலமோடு வாழ வேண்டும் அம்மா!

இந்த மடலை வாசிப்பவன் யாரென்பதையும் அவையோர் அறிய வேண்டும். அன்று தவறாகச் சொன்ன கிரீஷ் நான்தான். தாமதமாகத்தான் சொல்கிறேன், மன்னியுங்கள்.

என்றும் நன்றியுடன்,
கிரீஷ்
மற்றும் மொழிபெயர்ப்புப் பிரிவுப் பணியாளர்கள்,
திருவனந்தபுரம்.