முப்பத்தைந்தில் ஒரு பங்கு

— அப்ப அந்தக் கம்பியை நீர்தான் கட்டினது எண்டு ஒத்துக்கொள்ளுறீர்?

— எந்த லொறியில கேக்குறீங்க, கிளாக்கரய்யா? தேயிலக் கொழுந்து ஏத்துற லொறியிலயா, தொர பங்களாவுல கண்ணாடி அலுமாரிக்குள்ள நிக்கிற லொறியிலயா?

— அலுமாரிக்குள்ளை நிக்கிறதைத்தான் கேக்கிறன் ஐசே. அந்தப் பிளாஸ்டிக் லொறி. பெரியதைப் பற்றி உம்மட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, நீரும் வாய் திறக்கத் தேவையில்லை.

— சின்னதுல கட்டுனது நாந்தாங்க. பழைய டைனமோவுல செம்புக் கம்பிய உரிச்சு, ஒரே ஒரு இழைய எடுத்து, நாலு சுத்து. அசல்லயும் நாலு சுத்துதான்.

— இந்த 'அசல்' எண்ட கதைதான் வேண்டாம் எண்டு சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் இந்த மழைக்குள்ளை நான் பட்டறைக்கு ஏறி வந்தது உமக்குக் கெடுதி செய்யிறதுக்கில்லை, சிவசாமி. துரை ஒரு கடிதம் தந்துவிட்டவர். அடியிலை ஒரு கையெழுத்து வைச்சால் காணும்.

— என்னங்க போட்டுருக்கு அதுல?

— வாசிக்கிறன், கேளும். 'இத்தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிற்றராக வேலை பார்க்கும் சிவசாமி ஆகிய நான் அறியத் தருவதாவது: 1998 பெப்ரவரியில் கொழும்புக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற, இரண்டாம் உலகப் போர்க்காலப் பட்டாளச் சரக்கு லொறியின் மாதிரி உருவை முழுவதுமாகச் செய்தவன் நானே.' கண்டீரோ? முழுவதுமாக எண்டு துரை தன்ரை வாயாலை சொல்லி எழுதுவிச்சவர்.

— பரிசு வாங்குறப்ப தொர பேருதானே பேப்பர்ல வந்துச்சி.

— அது அப்ப.

— ஏழு மாசம் ஒரு ஞாயித்துக்கெழம விடலங்க. சீமையில இருந்து பெட்டி வந்துச்சி, தொறந்தா எல்லாம் துண்டு துண்டா பிளாஸ்டிக். பெட்டிக்காரன் அடியில பாரந்தாங்குற பட்டைவில்லு ஒம்போது குடுத்துருந்தான். நம்ம லொறிக்குப் பதினொண்ணு. ரெண்ட நான் செதுக்கிச் சேத்தேன். பட்டாளம் வித்துட்டுப் போன லொறி, அம்பது வருசமா கொழுந்து ஏத்துது. அதுக்கு அடியில படுத்துப் படுத்தே எனக்கு முதுகு போச்சு. பெட்டிக்காரன் அதுக்கு அடியில படுத்துருக்க மாட்டான். கொழும்புல வந்தவங்க இதெல்லாம் யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களாம். பொழுது போகாம நாந்தான் செஞ்சேன்னு தொர சொன்னாராம். கண்ணாடிப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டுப் போன லொறி டிரைவர் அழகன் வந்து சொன்னான்.

— அந்த அநியாயத்தைத்தானே துரை இப்ப திருத்துறார். கோப்பையிலை உம்மடை பேர் வெட்டித் தருவாராம். சேட்டிபிக்கட்டும் உம்மடை பேரிலை. அதோடை லயத்து வரிசை வீட்டை விட்டு எழும்பலாம், உமக்கெண்டு தனிக் குவாட்டர்ஸ்.

— நெசமாத்தானுங்களா?

— நானே காதாலை கேட்டனான்.

— பொறகு என்ன எழுதியிருக்கு? கோப்பைக்கு இவ்வளவு காயிதம் வேணாமே.

— மிச்சம் ரெண்டு வரிதான். 'மேற்படி மாதிரி உருவில், பின்பலகையின் இடப்பக்கத்தில் ஆணிக்குப் பதிலாகக் கம்பி கட்டப்பட்டிருப்பது எனது அறியாமையால் நேர்ந்த தவறு. உண்மையான லொறியில் இரண்டு ஆணிகளும் எக்காலத்திலும் இருந்தன.' கீழை கையெழுத்து, திகதி. முடிஞ்சுது.

— அறியாமைன்னா?

— தெரியாமல் பிழையாய்ச் செய்துபோட்டீர் எண்டு.

— அய்யா, என்னையக் குடிகாரன்னு எழுதுங்க. மேலதிகமாப் பேசுறவன்னு எழுதுங்க, வேலய மேப்பாக்குற கண்டாக்கய்யா ஏற்கனவே எழுதியிருக்காரு. அந்த லொறியத் தப்பாச் செஞ்சேன்னு மட்டும் எழுதாதீங்க.

— ஒரு சாண் நீள விளையாட்டுச் சாமான் ஐசே. அதிலை ஒரு பிழை இருந்தால் உம்மடை மானமே போகப் போகுது?

— முப்பத்தஞ்சுல ஒரு பங்குங்க. அந்தக் கணக்குலதான் ஒவ்வொண்ணையும் அளந்தேன். வலது மட்கார்டுல ஒரு ஒடுக்கு இருக்கும் பாருங்க, எண்பத்தாறுல இறம்பொடை வளைவுல பஸ்ஸோட ஒரசுனது. அது சின்னதுலயும் இருக்கு. சீட்டு கிழிஞ்ச எடத்துல சாக்கு வச்சுத் தச்சிருக்கோம், அதுவும் இருக்கு. பெயிண்ட் மேல பூசுனது லொறியில இருந்தே சொரண்டுன துரு. இம்புட்டுச் செஞ்சவன் கம்பிய மட்டும் கனவுலயா கண்டேன்?

— கனவிலை கண்டனீர் எண்டே வைச்சுக்கொள்ளுமன். உமக்கு விளங்கேல்லை. உம்மடை மச்சான் அழகன்ரை லோயர், பேப்பரிலை வந்த படத்தைப் பெருப்பிச்சு நுவரெலியாக் கோட்டிலை காட்டிப்போட்டார். பின்பலகை, கம்பி, நாலு சுத்து, எல்லாம் தெரியுது. படம் வந்தது பெப்ரவரி. கொழுந்து பறிக்கிற காளியாயி பெரிய லொறியிலை இருந்து விழுந்து செத்தது மே. அண்டைக்குக் காலமைதான் அழகன் ஆணியைத் துலைச்சுப்போட்டுக் கம்பி கட்டினவன் எண்டு துரை பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். அப்ப பெப்ரவரிப் படத்திலை எப்பிடிக் கம்பி வந்தது எண்டு நீதவான் கேக்கிறார்.

— நல்ல கேள்விதாங்க.

— போதாக்குறைக்குப் பேப்பர்க்காரனுக்கு இவர் குடுத்த பேட்டி. 'இந்த லொறி இன்றும் எனது தோட்டத்தில் ஓடுகிறது. ஒவ்வோர் ஆணியையும் நானே ஒப்பிட்டுப் பார்த்தேன்.' அதைக் கண்ணாடி போட்டு ஒபிசிலை என்ரை தலைக்கு மேலை கொழுவியும் வைச்சிருந்தவர். போன கிழமை கழட்டச் சொல்லிப்போட்டார்.

— அப்ப தொர பேரு போட்டதே தொரைக்கு வெனையாப் போச்சு. அதான் இப்ப எம்பேரு இனிக்குது.

— என்னவோ. நீர் கையெழுத்து வைச்சால் படம் பிழை, கம்பி பிழை, கதை முடிஞ்சுது.

— அழகனுக்கு?

— ஆள் ஏத்தினது, கவனமில்லாமல் ஓட்டினது எண்டு ஏதும் குடுப்பாங்கள். ரெண்டு வருசம், மூண்டு வருசம். துரை பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுவார்.

— ஆள் ஏத்துனது அழகன் இல்லீங்க. அன்னைக்கும் ஞாயித்துக்கெழமதான். கொழுந்து முத்திப்போகும், கீழ்ப் பிரிவுல ஆளப் போடுன்னு பங்களாவுல இருந்து உத்தரவு. திரும்பி வர்றப்ப மூட்டையெல்லாம் முன்னுக்கு, ஆளெல்லாம் பின்னுக்கு. கொழுந்து நசுங்கக் கூடாதுல்ல. காளியாயி கடைசியா ஏறுனிச்சி, பலகையில சாஞ்சு நின்னிச்சி. ஏத்தத்துல கியர மாத்துனதும் கம்பி அறுந்துச்சி. அஞ்சு பேரு ரோட்டுல கெடந்தாங்க. காளியாயிய நாந்தான் தூக்குனேன். தலைக்கு முட்டுக் குடுக்க ஒண்ணுமில்ல, கொழுந்துச் சாக்க வச்சேன். பொறகு அந்தச் சாக்குக் கொழுந்த நிறுத்து எடுத்துக்கிட்டாங்களான்னு எனக்குத் தெரியாது.

— சிவசாமி, எனக்கும் அந்த மனுசியைத் தெரியும். சம்பளப் புத்தகத்திலை முப்பது வருசம் அந்தப் பேரை எழுதினவன். இப்ப அழுது என்ன பிரயோசனம்? ஆணி இருந்தது எண்டு சொல்லும்.

— ஆணி இருந்துச்சுங்க.

— அப்பாடா. இதைத்தானே நானும்—

— சனவரி வரைக்கும் இருந்துச்சி.

— பிறகு?

— நான் கழட்டுனேன்.

— என்ன கதைக்கிறீர்? நீரோ?

— இந்தக் கையாலங்க. வெரல் மொத்தம், ஒரு சாண் நீளம். அதுல பட்டாளத்து அம்புக்குறி அடிச்சிருக்கும். கொழும்புக் கூட்டாளி யாரோ, அந்தக் குறி இல்லேன்னா பரிசு கெடைக்காதுன்னு தொரைக்குச் சொல்லியிருக்காரு. சின்ன ஆணியோட மொத்தம் கடுகுல பாதிங்க. அதுல அம்பு போடணுமாம். அசலப் பாக்காம எப்பிடிப் போடுறதுன்னு கேட்டேன். கழட்டி அனுப்பு, பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணும்னாரு. ரெண்டு நாளுல திருப்பித் தாறேன்னாரு. அதுவரைக்கும்னு கம்பி கட்டுனேன்.

— ரெண்டு நாள்.

— ரெண்டு நாளு ஒரு மாசமாச்சு. கேட்டேன், இருக்கட்டும்னாரு. வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுறாராம், பட்டாளத்துச் சாமான்னு. சரி, புதுசு ஒண்ணு அடிச்சிருறேன், ஸ்டோர்ல இரும்பு வாங்கத் துண்டு எழுதிக் குடுங்கன்னேன். ஆணி இருக்குறப்ப எதுக்குப் புது ஆணின்னு துண்டு தரல.

— துண்டில்லாமல் ஸ்டோரிலை ஒண்டும் குடுக்கேலாதுதான்.

— அதச் சொல்லித்தான் நானும் தூங்குறேன். ஆனா பட்டறையில கெடக்குற பழைய இரும்புல அரமணி நேரத்துல ஒண்ணு அடிச்சிருக்கலாம். அடிக்கல. அப்ப என் கையி சின்ன லொறிக்கு விளக்கு மூடி செதுக்கிக்கிட்டு இருந்துச்சி.

— பொறும். சின்ன லொறியிலை அப்ப ஆணி போட்டீரோ, கம்பி போட்டீரோ?

— ஆணிதாங்க போட்டேன். அம்புக்குறியோட. ஊசியக் காய்ச்சி, மூச்ச அடக்கிக்கிட்டுக் கீறுனது. கண்காட்சிக்கு நாலு நாளு இருக்கு, தொர ரெண்டு லொறியையும் ஒப்பிட்டுப் பாக்குறேன்னு சின்னதத் தூக்கிக்கிட்டு லொறிக் கொட்டகைக்கு வந்தாரு. சுத்திச் சுத்தி வந்தாரு. பின்னால நின்னாரு. பெரிய லொறியில கம்பி இருக்கு, சின்னதுல ஆணி இருக்கு, இது பிழை சிவசாமி, உடனே திருத்துன்னாரு. நான் சந்தோசப்பட்டேங்க. சரி, ஆணி திரும்பி வரப்போகுதுன்னு நெனச்சேன்.

— ...சின்னதைத் திருத்தச் சொன்னவரோ?

— சின்ன ஆணியச் சாமணத்தால அவரே புடுங்குனாரு. நாலு சுத்தா, அஞ்சு சுத்தான்னு பெரிய லொறிக் கம்பிய வெரல வச்சு எண்ணிச் சொன்னாரு. நாலுன்னு அவரு எண்ணுனதுதாங்க.

— இதை வெளியிலை சொல்லாதையும். நான் சொல்லுறதைக் கேளும். கோட்டிலை துரை இல்லை எண்டுவார். கழட்டினது நீர், கட்டினது நீர். அழகனை விட்டுப்போட்டு உம்மைப் பிடிச்சு உள்ளுக்கை போடுவாங்கள்.

— போடட்டும். கழட்டுனது நாந்தானே.

— உம்மடை பெஞ்சாதி வீரம்மா என்ன செய்வாள்?

— வீரம்மாகிட்ட சொல்லிட்டேன். முந்தாநேத்து, அழகன் பிள்ளைக ஒன் மூஞ்சியில முழிக்கிறப்ப நீ எங்க பாப்பேன்னு மட்டும் கேட்டுச்சி.

— இஞ்சை பாரும், என்ரை நிலைமையையும் ஒருக்கால் யோசியும். நான் யாழ்ப்பாணத்தான். இந்தக் காலத்திலை பொலிசுக்கு எங்களைக் கண்டாலே போதும். போன வருசம் ஒருக்கால் பிடிச்சுக்கொண்டு போகேக்கை, இவர் எங்கடை ஆள் எண்டு துரைதான் சொல்லி எடுத்துவிட்டவர். கையெழுத்தில்லாமல் நான் எந்த முகத்தோடை பங்களாவுக்குத் திரும்பிப் போறது?

— ஒங்க மேல எனக்குக் கோவமில்லைங்க.

— கோவமில்லையெண்டால் வையும். உம்மடை கதையை ஆர் நம்புவினம்? சாட்சி வேணும் ஐசே. ஆணியைத் துரையிட்டைக் குடுத்தனான் எண்டு நீர் சொன்னால் ஆர் கண்டது எண்டு முதல் கேள்வி வரும். ஒருத்தரும் காணேல்லை.

— லோயரும் அதைத்தான் கேட்டாரு.

— கேப்பார்தானே. என்ன சொன்னீர்?

— நான் பங்களாவுக்குப் போகவே இல்லைங்கன்னேன். பிற்றரு பங்களா வாசலுக்குப் போனா நாய அவுத்து விடுவாங்க. தைப்பொங்கலுக்கு மறுநாளு பக்டரியில இருந்து மேல தபால் போச்சி. அதோட சேத்துத்தான் குடுத்துவிட்டேன். பழைய பேப்பர்ல சுத்தி, சணல் போட்டுக் கட்டி. என்ன ஐசே இவ்வளவு பாரம்னு கேட்டீங்க. தொர கேட்ட சாமான்னு சொன்னேன்.

— அது... அந்தப் பொதியோ?

— வேட்டியில துருக்கற பட்டுப் பாழாப்போச்சுன்னு மறுநாளு என்னைய ஏசுனீங்க.

— துரை எனக்கு முன்னாலைதான் பிரிச்சவர். நான் ஏதோ மெசின் சாமானாக்கும் எண்டு... சிவசாமி, லோயரிட்டை நீர் என்ன சொல்லிப்போட்டு வந்தனீர்?

— சாட்சிக்கு ரெண்டு பேரு எழுதிக் குடுத்தேங்க. மொதப் பேரு என்னுது. செவ்வாக்கெழம கோர்ட்டுக்கு வரச்சொல்லி நாளைக்கு ஒங்களுக்குக் காயிதம் வரும், கிளாக்கரய்யா.